பின்சில்லுக் கடன்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கு நோக்கிப் புல்மோட்டைக்குச் செல்லும் வீதி, உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி ஆகிய ஊர்களைத் தாண்டி ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சென்றதும் ஒரு களப்பின் வாயைச் சந்திக்கின்றது. அவ்விடத்து ஊரே இறக்கக்கண்டி. ஒரு புறம் கடல்; மறுபுறம் களப்பு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை பழைய பாலத்தைச் சிதைத்த பின்னர், 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நீண்ட பாலம் ஒன்று இப்பொழுது அக்களப்பைக் கடக்கின்றது. கரைவலை இழுபட்டு முடியும் காலை வேளையில் அப்பாலத்தின் மீது மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக விரையும். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டி. பெட்டிக்குள் பனிக்கட்டியும் மீனும். பெட்டியின் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக வீழும் உப்புநீர்.

அந்த உப்புநீர் வீழும் இடத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள். இறக்கக்கண்டி மீன் வியாபாரி ஒருவர் தம் மகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, அப்படியே மீன் விற்கச் செல்லும் எண்ணத்துடன் நிலாவெளிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். மகள் ஆறாம் தரத்தில் கற்பவள். தந்தைக்கும் மீன்பெட்டிக்கும் இடையே ஒடுங்கி அமர்ந்திருந்தாள். கோபாலபுரத்துக்கு அண்மையில் வீதியோரம் மேய்ந்து நின்ற மாடுகளுள் ஒரு கன்று திடீரென வீதிக்குக் குறுக்கே வந்தது. அவர் வலது காலால் பிறேக்கை மிதித்தார். மிதிகட்டை தடையேதுமின்றி அடிவரை சென்றது, வண்டி நிற்கவில்லை. பதறிப்போய் முன் பிறேக்கை இறுக்கினார். கச்சான் காற்று வாரிக் கொட்டிய மணல் வீதியில் படர்ந்திருந்தது. முன்சில்லு மணலில் வழுக்க, வண்டி சரிந்தது. கன்று தப்பியது. பெட்டி உடைந்து கும்பளாவும் சூடையும் வீதியில் சிதறின. மகளின் முழங்கால் உரசிக் குருதி கசிந்தது. வெள்ளைச் சீருடை கிழிந்தது. அதற்கு மேல் ஒன்றும் நேரவில்லை. எனினும், எதிரே ஒரு லொறி வந்திருந்தால் என்ற எண்ணம் அன்று முழுவதும் அவரை விட்டு அகலவில்லை.

வீட்டில் மனைவி உரத்த குரலில் எதுவும் பேசவில்லை. பிள்ளையின் காலுக்கு மருந்திட்டபடி ஒரே வசனத்தைத்தான் சொன்னாள்: “பிள்ளை இனி அதில ஏறாது.”

அப்போது மகள் தந்தைக்காக வாதாடினாள். “வாப்பா பிறேக்க மிதிச்சார்தான் உம்மா. நான் கண்ட. அதுதான் பிடிக்கல்ல.”

அந்தச் சாட்சியம் அவரைக் காப்பாற்றுவதற்கு மாறாக வருத்தியது. ஏனெனில் பிள்ளை அறியாத ஒன்றை அவர் அறிந்திருந்தார். பின் பிறேக் அன்று காலையில் திடீரெனக் கெட்டுவிடவில்லை. அது மாசி மாதத்திலிருந்தே சிறிது சிறிதாக வலுவிழந்து வந்தது. மிதிகட்டை கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் அவர் பின்சில்லின் அருகே குந்தியிருந்து, பிறேக் கம்பியின் நுனியிலுள்ள நட்டை இரண்டு சுற்று இறுக்குவார். மறுநாள் பிறேக் பிடிக்கும். வேலை முடிந்துவிட்டதென எண்ணிக்கொள்வார். நட்டை இறுக்குவது செலவில்லாத வேலை. கால் நிமிட வேலை. சில்லைக் கழற்றிப் பார்ப்பதாயின் ஒரு நாள் உழைப்புப் போய்விடும். ஆகவே நட்டை இறுக்கிக்கொண்டே வந்தார்.

அவரது வண்டி ஹொண்டா எம்.டி. 90. இலங்கையின் கிராமப்புறங்களில் இதை அறியாதவர் அரிது. 1958ஆம் ஆண்டில் வெளிவந்து, 2017ஆம் ஆண்டளவில் பத்துக் கோடி என்னும் உற்பத்தி எண்ணிக்கையை எட்டிய ‘சுப்பர் கப்’ குடும்பத்தைச் சேர்ந்தது அது. 1971ஆம் ஆண்டில் யப்பானியத் தபாற் சேவைக்கென்றே இவ்வகை வடிவமைக்கப்பட்டது. கடிதப் பைகளைச் சுமந்து வீட்டுக்கு வீடு நின்று நின்று போகவேண்டிய வண்டியாதலால் சில்லுகள் சிறியவை, சட்டம் உறுதியானது. யப்பானில் தபால் சுமந்து ஓய்ந்த வண்டிகள் பின்னர் இலங்கைக்கு வந்து மீனும் மரக்கறியும் சுமந்தன. தபாற்காரனின் வேலையும் மீன்காரனின் வேலையும் ஒருவகையில் ஒன்றே: இருவரும் ஒவ்வொரு படலையிலும் நிற்கவேண்டும். நிற்பதே தொழிலாகிய வண்டிக்கு நிறுத்தும் கருவி எவ்வளவு முக்கியமென்று விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் அவர் வண்டியை உருட்டிக்கொண்டு நிலாவெளியிலுள்ள ஒரு சிறு கராச்சுக்குச் சென்றார். கராச்காரர் தமிழர், வயதில் இளையவர். அவர் முதலில் பார்த்தது சில்லையன்று, நட்டையே.

“நானா, மரை முடிஞ்சு போச்சு. இனி இறுக்க இடமில்லை. எவ்வளவு காலமா இப்பிடி இறுக்கிக்கொண்டு வாறீங்கள்?”

“மாசியிலயிருந்து தம்பி.”

கராச்காரர் மறுமொழி கூறாமல் அச்சாணியைக் கழற்றிச் சில்லை வெளியே எடுத்தார். வெளியே வந்த கதையைப் புரிந்துகொள்வதற்கு இவ்வகைப் பிறேக்கின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

சில்லின் நடுவே பறை போன்ற ஒரு குழிவு உண்டு. அலுமினிய வார்ப்புக்குள் ஓர் இரும்பு வளையம் பதிக்கப்பட்டிருக்கும்; அதன் உட்சுவரே பிறேக் பிடிக்கும் தளம். குழிவுக்குள் பிறை வடிவான இரண்டு ‘சூ’க்கள் எதிரெதிராக நிற்கின்றன. அவற்றின் வெளிவளைவில் உராய்வுப் பொருளாலான ‘லைனிங்’ ஒட்டப்பட்டிருக்கும். ஒரு முனையில் இரண்டும் ஒரு முளையில் ஊன்றியிருக்க, மறுமுனையில் அவற்றிடையே தட்டையான ஒரு ‘காம்’ அமைந்துள்ளது. மிதிகட்டையை மிதித்ததும் கம்பி இழுபட, காம் திரும்பிச் சூக்களை அகற்றிச் சுவரோடு அழுத்துகின்றது. காலை எடுத்ததும் இரண்டு சுருள்வில்கள் அவற்றை மீண்டும் உள்ளிழுக்கின்றன. சில்லு சுழலும் திசை ஒரு சூவைச் சுவரினுள் மேலும் இழுத்துச் செல்லும், மற்றையதைத் தள்ளிவிடும். ஆகவே இரண்டும் ஒரே அளவில் உழைப்பதுமில்லை, தேய்வதுமில்லை. இவ்வகைப் பறை பிறேக்கை 1902ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் பிரான்சு நாட்டு லூயி ரெனோ என்பர். ‘சூ’ என்ற பெயரோ அதனினும் பழையது. இறக்கத்தில் இறங்கும் குதிரை வண்டியின் சில்லுக்கடியில் ஓர் இரும்புச் சப்பாத்தை மாட்டி வேகத்தைத் தணித்த காலத்தின் எச்சம் அது. வண்டியும் சில்லும் மாறியபின்னும் சப்பாத்து மாறவில்லை.

மீன் வியாபாரியின் வண்டியில் அந்தச் சப்பாத்தின் அடித்தோல் முற்றாகத் தேய்ந்திருந்தது. புதிதாக இருக்கும்போது லைனிங்கின் தடிப்பு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். 2 மில்லிமீற்றராகக் குறைந்ததும் மாற்றவேண்டும் என்பது விதி. இங்கே ஒரு சூவில் வெறும் உலோகமே எஞ்சியிருந்தது. அந்த உலோகம் பறையின் உட்சுவரைச் சுரண்டி வரிவரியாகக் கிழித்திருந்தது. காம் சுழலும் துளையில் துருவேறி, அது பாதி இறுகிப்போயிருந்தது. பெட்டியிலிருந்து சொட்டிய உப்புநீர் ஆண்டுக்கணக்காக அத்துளைக்குள் இறங்கியதன் விளைவு அது. காமின் கைப்பிடி அருகே சிறிய அம்புக்குறி ஒன்று இருந்தது. பிறேக்கை மிதிக்கையில் அந்த அம்பு, தட்டில் பொறித்த குறியைத் தொடுமாயின் சூக்கள் தேய்ந்துவிட்டன என்பது பொருள். அழுக்கைத் துடைத்து அதைக் காட்டினார் கராச்காரர். பத்தாண்டுகள் அவ்வண்டியை ஓட்டியவர் அந்த அம்பை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். அது குறியை எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

“நட்டை இறுக்கினது பிறேக்கைத் திருத்தினதில்லை நானா. தேய்ஞ்சது தெரியாம மறைச்சது” என்றார் கராச்காரர்.

பின்னர் வேணியர் அளவுமானியை எடுத்துப் பறையின் உள்விட்டத்தை அளந்தார். 110 மில்லிமீற்றராக இருக்கவேண்டியது. 111க்கு மேற்பட்டால் பயன்படுத்தலாகாது. அது 111ஐ மிஞ்சியிருந்தது. பறை அகன்றுவிட்டால், புதிய சூக்களின் வளைவு சுவரின் வளைவோடு ஒத்துப்போகாது; நடுப்பகுதி மட்டுமே உரசும். இரும்பு வளையமும் மெலிந்து, சூட்டைத் தாங்கும் வலிமையை இழந்திருக்கும். ஆகவே சூ மட்டும் போதாது; ‘ஹப்’ என்று சொல்லப்படும் சில்லின் நடுப்பகுதி முழுவதும் வேண்டும்.

அங்கிருந்து தேடல் தொடங்கியது.

மறுநாட் காலை பஸ்ஸில் திருகோணமலைக்குப் போனார். மத்திய வீதிப் பக்கமுள்ள உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்கினார். சூக்கள் கிடைத்தன. ஒரு கடையில் முதலாளி இரண்டு பொதிகளை மேசைமேல் வைத்தார். ஒன்றின் விலை மற்றையதில் பாதிக்கும் குறைவு. மலிவானதில் லைனிங் சூவின் விளிம்போடு சேராமல் ஒரு மூலையில் விலகி நின்றது. “இதை நான் விற்கிறேன், என்ட மகனுக்குப் போட மாட்டேன்” என்றார் முதலாளி. சிங்களவராகிய அவரது தமிழில் இலக்கணப் பிழை இல்லாமலில்லை, நேர்மைக்குக் குறைவில்லை. வியாபாரி விலை கூடியதையே வாங்கினார். சுருள்வில்கள் அதனுடன் சேர்ந்தே வந்தன. ஆனால் ஹப்? முதலாளி தலையசைத்தார்.

ஹப் கிடைக்காமற் போனதற்குக் காரணம் ஒரு கடையிலோ ஒரு நகரிலோ இல்லை. எம்.டி. 90 உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே அதன் பெரிய பாகங்கள் பெரும்பாலும் உடைந்த வண்டிகளிலிருந்தே வரவேண்டும். 2020ஆம் ஆண்டு பங்குனியில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. அத்தடை 2025ஆம் ஆண்டில்தான் தளர்த்தப்பட்டது. புதிய வண்டி வராத நாட்டில் பழைய வண்டியை எவரும் உடைப்பதில்லை. 2022ஆம் ஆண்டு சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், வைகாசியளவில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. மத்திய வங்கியின் கணக்கேட்டில் நிகழ்ந்த அந்த மாற்றம், ஈராண்டுகளின் பின்னர் இறக்கக்கண்டி மீன் வியாபாரி ஒருவரின் பின்சில்லில் வந்து முடிந்தது. பொருளாதாரம் என்பது எங்கோ தொலைவில் நடப்பதாக எண்ணுவோர் இத்தகைய கடைகளின் மேசையருகே சிறிது நேரம் நின்று பார்க்க வேண்டும்.

நகரில் ‘லேத்’ பட்டறை வைத்திருந்த ஒருவர் வேறு வழி சொன்னார். பறையின் உட்சுவரைக் கடைந்து சீராக்கி, தடித்த லைனிங் ஒட்டலாம் என்றார். கேட்பதற்கு இனிமையாக இருந்தது. வியாபாரி கராச்காரருக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னார். மறுமுனையிலிருந்து வந்த பதில் சுருக்கமானது: “ஏற்கெனவே மெலிஞ்ச இரும்பை இன்னும் மெலியவைக்கிறதோ? பிள்ளையை ஏத்துறதெண்டால் வேண்டாம்.” மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய போர்க்கால யாழ்ப்பாணத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் கராச்காரர். இல்லாததைக் கொண்டு இருப்பதைச் சமாளிக்கும் கலை அவர் அறியாததன்று. ஆயினும் ஓடவைப்பதற்குச் செய்யும் சமாளிப்பும் நிறுத்துவதற்குச் செய்யும் சமாளிப்பும் ஒன்றல்ல என்பது அவர் கொள்கை. எஞ்சின் ஏமாற்றினால் மனிதன் நடந்து வீடு சேருவான்; பிறேக் ஏமாற்றினால் அது நிச்சயமில்லை.

கொழும்பில் பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தைக்குச் சொல்லிவைத்தார்கள். ‘கிடைத்தால் பஸ்ஸில் போட்டு விடுகிறோம்’ என்று பதில் வந்தது. நாட்கள் கடந்தன. மகள் சில நாள் நடந்தாள். சில நாள் அயலாரின் ஆட்டோவில் இடம் கிடைத்தது. சில நாள் பாடசாலைக்குச் செல்லவில்லை. வியாபாரி சைக்கிளில் மீன் விற்றார். பாலம் கடந்து வடக்கே போக முடியாததால் வருமானம் பாதியாயிற்று.

பாலத்துக்கு வடக்கே உள்ளது கும்புறுப்பிட்டி. அங்கே அவரது நெடுநாள் வாடிக்கையாளரான தமிழ்ப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் போர்த்து நின்ற வண்டி ஒன்றை வியாபாரி பலமுறை கண்டதுண்டு. அதுவும் எம்.டி. 90. மகனுடையது. மகன் கட்டாருக்கு வேலைக்குப் போய் மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. தாய் வெள்ளிதோறும் தார்ப்பாயை விலக்கி வண்டியைத் துடைத்து வைப்பார். அதை மனத்தில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் வாய் திறவாமல் இருந்தார் வியாபாரி. பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையின் வண்டியைக் கழற்றித் தரும்படி கேட்பது எவ்வாறு? இறுதியில், மகளை மீண்டும் ஒரு நாள் பாடசாலைக்கு அனுப்ப இயலாது போனபோது, சைக்கிளை மிதித்துக் கும்புறுப்பிட்டிக்குப் போனார்.

“அக்கா, தம்பிட வண்டியின்ட பின்சில்லு விலைக்குத் தருவீங்களா?”

பெண்மணி உடனே விடை சொல்லவில்லை. நடந்ததைக் கேட்டார். நட்டை இறுக்கிய கதையையும் சேர்த்து அவர் சொன்னார். மனைவியிடமும் மகளிடமும் சொல்லாததை அங்கேதான் முதலில் முழுமையாகச் சொன்னார். பெண்மணி தொலைபேசியில் மகனுடன் பேசினார். பின்னர் கூறியது இது:

“விக்க மாட்டன் தம்பி. சில்லைக் கொண்டு போங்கோ. உங்கட சில்லை இதில போட்டுவிடுங்கோ. சில்லில்லாமல் வண்டி நிண்டால் வீடு வெறிச்சமாதிரி இருக்கும். அவன் வரமுன்னம் நல்ல சில்லு இதில இருக்கவேணும்.”

ஓடும் வண்டிக்கே பிறேக் வேண்டும். நிற்கும் வண்டிக்கு வேண்டியதில்லை. அந்த எளிய நியாயத்தின்படி இரு சில்லுகளும் இடம் மாறின. கராச்காரரே வந்து அளந்து பார்த்தார். பறையின் விட்டம் 110ஐச் சற்றே தாண்டியிருந்தது. சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தது. காம் துளையின் துருவைத் தேய்த்தகற்றி, லைனிங்கைத் தொடாதவாறு ஒரு துளி கிறீஸ் இட்டார். பழைய லைனிங் தூளை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். பழைய லைனிங்குகளிற் பலவற்றில் கல்நார் உண்டு. அது புற்றுநோய் தரும் பொருளென உறுதிப்பட்டது. எல்லாம் முடிந்த வேளையில், பிறேக் தட்டைச் சில்லுடன் சுழலவிடாது பிடித்து நிற்கும் கம்பியின் ஆணிக்குரிய கொட்டர் பின் முறிந்திருப்பது தெரிந்தது. விலை சொற்ப ரூபா. வீட்டுக்காரப் பெண்மணி ஒரு கம்பியாணியை எடுத்து வந்தார். கராச்காரர் அதை ஏற்கவில்லை. அந்தப் பின் இல்லாமல் ஆணி கழன்றால் தட்டுச் சுழன்று சில்லு இறுகிவிடும் என்று விளக்கி, நிலாவெளிவரை போய் ஒன்றை வாங்கி வந்தபின்னரே வேலையை முடித்தார். இத்தனை தேடலும் ஒரு கம்பியாணியோடு பாழாகியிருக்கக் கூடும்.

வியாபாரி பணம் நீட்டினார், பெண்மணி வாங்கவில்லை. அடுத்த நாள் ஒரு பாரை மீனை இலவசமாகக் கொண்டு போனார். அதற்கும் வழக்கமான விலையைக் கொடுத்துவிட்டார். “மீனுக்கும் சில்லுக்கும் கணக்குச் சேர்க்காதேங்கோ. கடன் கடனாய் இருக்கட்டும்” என்றார். அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் அது நன்றியோடு முடிந்திருக்கும். கடனாகக் கொடுத்தமையால் அதற்கொரு தவணை உண்டாயிற்று. மகன் வருவான் என்ற நம்பிக்கையும் அத்தவணையோடு சேர்ந்து நின்றது.

அன்று மாலை வியாபாரி மகளை வண்டியருகே அழைத்தார். அம்புக்குறியைக் காட்டினார். அது எதற்கென்று சொன்னார். பின்னர், தாம் அதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் நட்டை இறுக்கிய கதையையும் சொன்னார். “நான் மிதிச்சதுதான் மகள். ஆனால் அது பிடிக்காதெண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும்.” பிள்ளை நெடுநேரம் அம்பையே பார்த்திருந்தாள். மனைவி குசினி வாசலில் நின்று கேட்டாள். மறுநாட் காலை பிள்ளை வண்டியில் ஏறியபோது அவள் தடுக்கவில்லை.

பஞ்சிகாவத்தையிலிருந்து ஹப் வந்து சேர்ந்தபோது 2025ஆம் ஆண்டு தை மாதமாகியிருந்தது. கந்தளாய் வழியாக வந்த பஸ்ஸில், கடதாசி சுற்றிய பொதியாக அது இறங்கியது. சைக்கிள் திருத்தும் முதியவர் ஒருவர் பழைய சில்லின் கம்பிகளைக் கழற்றிப் புதிய ஹப்பில் கோத்து நேராக்கினார். அளந்து பார்த்ததில் அதன் பறை, கும்புறுப்பிட்டிச் சில்லின் பறையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. ஆனாலும் எல்லைக்குள்ளேயே இருந்தது. “இதை அங்க போட்டாலும் குறை சொல்ல ஏலாது” என்றார் கராச்காரர். வியாபாரி இணங்கவில்லை. வாங்கிய சில்லையே திருப்பிக் கொடுத்தார். வந்ததைத் தமக்கு வைத்துக்கொண்டார்.

தேய்வு எல்லாப் பொருள்களுக்கும் உரியது. உப்புக்காற்று வீசும் ஊரில் அது விரைவாகவே வரும். அதனைத் தடுக்க இயலாது. ஆனால் பார்க்க இயலும். தேய்ந்ததை மாற்றாமல் நட்டை மட்டும் இறுக்கிக்கொண்டு போகும் பழக்கம் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு மட்டும் உரியதன்று. குடும்பங்களிலும் நிறுவனங்களிலும் அது உண்டு. மரை முடியும் நாள்வரை எல்லாம் சரியாகவே தோன்றும். ஆகவேதான் உற்பத்தியாளன் அந்தச் சிறிய அம்பை வெளிப்புறத்தில், எவரும் காணக்கூடிய இடத்தில் வைத்திருக்கிறான்.

இறக்கக்கண்டியில் இப்பொழுது காலையில் வண்டி புறப்படுமுன் ஒரு வழக்கம் உண்டு. தந்தை பிறேக்கை மிதித்துப் பிடித்திருப்பார். மகள் புத்தகப் பையுடன் பின்சில்லருகே குனிந்து அம்பைப் பார்ப்பாள். “இன்னும் இடமிருக்கு வாப்பா” என்று அவள் சொன்ன பிறகே வண்டி வீதியில் ஏறும்.